தராசு வாங்குவதா, டேப் போதுமா? ஆடு மாட்டுக்கு எடை பார்க்கும் கணக்கு

போன மாதம் தங்கை வீட்டுக்காரர் வெள்ளகோவிலில் இருந்து போன் செய்தார். இருபது மேச்சேரி மறியும் (பெட்டைச் செம்மறி) ஒரு கெடாவும் வாங்கிப் புதிதாகப் பட்டி போட்டிருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு காங்கேயம் மாடு நிற்கிறது. "ஏனுங்க மச்சான், எடை பார்க்கத் தராசு வாங்கிக்கலாமுங்களா, இல்லே டேப்பை வெச்சே ஓட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டார். உடம்பை டேப்பால் அளந்து எடையைக் கணக்குப் போடும் வழியைத்தான் சொல்கிறார். அரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகும் சொல்ல வேண்டியது பாதி மிச்சம் இருந்தது.

அவரிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "எடை எதுக்குங்க மாப்பிள்ளை?" என்பதுதான். விற்பதற்கா, பூச்சி மருந்து கொடுப்பதற்கா, தீவனம் அளப்பதற்கா, குட்டி தேறுகிறதா என்று பார்ப்பதற்கா? ஒவ்வொன்றுக்கும் வேண்டிய துல்லியம் வேறு. ஆட்டை விற்கும்போது ஒரு கிலோ தவறினால் கையில் இருந்து பணம் போகும். முந்நூறு கிலோ மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போடும்போது பத்துக் கிலோ தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. இதைத் தீர்மானித்துக்கொண்டால் எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் பக்கத்தில் பழைய வழி, கண்ணும் கையும்தான். குண்டடம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். வியாபாரி ஆட்டின் முதுகில் கையை வைப்பார். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் அழுத்துவார். எலும்பு முனை விரலில் குத்துகிறதா, சதை மூடியிருக்கிறதா என்று அந்த ஒரு பிடியில் தெரிந்துவிடும். அப்புறம் முன்காலைப் பிடித்துச் சற்றே தூக்கிப் பார்ப்பார். "பன்னண்டு கிலோ விழும்" என்பார். அவர் சொல்வது கறிக் கணக்கு, உயிர் எடை இல்லை. செம்மறியில் உயிர் எடையில் ஏறக்குறைய 45 முதல் 50 சதவீதம் கறியாக நிற்கும். அப்படியானால் அவர் மனதில் இருக்கும் ஆடு 24 முதல் 27 கிலோ. புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். ஒருவர் கறியைப் பேச, இன்னொருவர் உயிர் எடையை நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கைக்கு எனக்கு மரியாதை உண்டு. ஆண்டு முழுவதும் ஆட்டைத் தொட்டு, வாங்கி, அறுத்து, கறியை நிறுத்துப் பார்த்து வந்த கை அது. தினமும் தன் கணிப்பைச் சரிபார்க்கிறவரின் கண்ணும், ஆண்டுக்கு இருபது ஆடு விற்கிற என் கண்ணும் ஒன்றாக முடியாது. பட்டி போட்ட மூன்றாம் வருடம் ஆறு கெடாக் குட்டிகளை ஒரு வியாபாரியிடம் கண் கணக்கில் கொடுத்தேன். தலைக்கு 18 கிலோ என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அடுத்த ஈற்றுக் குட்டிகளை அதே வயதில் தராசில் தூக்கியபோது ஒன்றுகூட 21 கிலோவுக்குக் கீழே இல்லை. அதே பட்டி, அதே கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு), அதே தீவனம். முந்தின ஆறும் கிட்டத்தட்ட அந்த எடையில்தான் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு இழந்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். அந்தப் பணத்தில் ஒரு நல்ல தராசே வாங்கியிருக்கலாம்.

ஆடு விற்பவருக்குத் தராசு வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொங்க விடுகிற டிஜிட்டல் தராசு, நூறு கிலோ வரை தாங்குவது போதும். எங்கள் சாளையில் (கொட்டகையில்) விட்டத்தில் கொக்கி மாட்டியிருக்கிறேன். பழைய உரச்சாக்கை விரித்து நாலு கால் நுழைய ஓட்டை போட்டு, இரண்டு ஓரத்திலும் மூங்கில் கழி செருகி, கயிறு கட்டியிருக்கிறது. முதலில் வெறும் சாக்கைத் தொங்கவிட்டுச் சுழியம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆட்டைச் சாக்கில் நிறுத்தி ஏற்றினால், கால் தரையை விட்டு எழும்பியதும் ஒரு துள்ளு துள்ளும். பிறகு அடங்கிவிடும். அந்த அடங்கிய நேரத்தில் எண் நிற்கும். இரண்டு ஆள் இருந்தால் இருபது ஆட்டை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். பிறந்த குட்டிக்கு இவ்வளவுகூட வேண்டாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நின்று, அப்புறம் குட்டி இல்லாமல் நின்று, கழித்துக்கொள்ளலாம்.

தராசையும் நம்பிவிடக் கூடாது. மாதம் ஒருமுறை இருபது லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பித் தொங்கவிடுங்கள். தண்ணீர் மட்டும் 20 கிலோ, கேனின் எடை தனி. அதற்கு மேலோ கீழோ காட்டினால் தராசு ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, எந்த நேரத்தில் நிறுத்துகிறோம் என்பது. மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த ஆடும், ராத்திரி பட்டியில் கிடந்து விடிகாலை எழுந்த ஆடும் ஒரே எடை காட்டாது. அசைபோடும் பிராணிக்கு வயிற்றில் கிடக்கும் தீனியும் தண்ணீரும் மட்டுமே உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். காலையில், பட்டி திறக்கும் முன், எப்போதும் அதே நேரத்தில் நிறுத்தினால்தான் போன மாத எடையோடு இந்த மாத எடையை ஒப்பிட முடியும்.

சரி, மாட்டுக்கு வருவோம். மாட்டை விட்டத்தில் தொங்கவிட முடியாது. மாடு ஏறி நிற்கிற தராசு தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. இங்கேதான் டேப் கைகொடுக்கிறது.

கணக்கு எளிது. நெஞ்சுச் சுற்றளவு ஒன்று, உடம்பு நீளம் ஒன்று. இரண்டையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 10,838 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். 10,800 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. இதன் மூலம் ஷேஃபர் சூத்திரம். அங்குலத்தில் அளந்து 300 ஆல் வகுத்தால் பவுண்டில் வரும் என்பது அதன் பழைய வடிவம். கால்நடை மருத்துவப் படிப்பில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாட்டின் உடம்பை ஒரு உருளையாக நினைத்துப் பாருங்கள். உருளையின் கொள்ளளவு சுற்றளவின் வர்க்கத்தையும் நீளத்தையும் பொறுத்தது. இதற்குள் இருப்பது அவ்வளவுதான்.

எங்கள் மயிலைப் பசுவுக்குச் சுற்றளவு 160, நீளம் 130. 160 பெருக்கல் 160, 25,600. அதை 130 ஆல் பெருக்கினால் 33,28,000. 10,800 ஆல் வகுத்தால் 308 கிலோ.

டேப்பைச் சற்றுத் தளர்வாகப் பிடித்து 165 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? 328 கிலோ வரும். ஐந்து சென்டிமீட்டரில் இருபது கிலோ ஏறிவிட்டது. அதே ஐந்து சென்டிமீட்டரை நீளத்தில் தவறவிட்டால் 320, அதாவது பன்னிரண்டு கிலோதான் கூடும். சுற்றளவு இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அதில் வரும் தவறும் இரட்டிப்பாகிறது. அதனால் நீளத்தை ஒரு தடவை எடுத்தால் சுற்றளவை மூன்று தடவை எடுங்கள். மூன்றில் நடுவில் நிற்கும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கிற இடம் முக்கியம். சுற்றளவு முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், முழங்கை மடிப்பின் பின்புறத்தில் எடுக்க வேண்டும். மேலே டேப் திமிலின் பின்னால் படிய வேண்டும், திமிலின் மேல் ஏறக் கூடாது. காங்கேயம் பூச்சிக்காளைக்கு (இனவிருத்திக் காளைக்கு) இது கொஞ்சம் சிக்கல். திமில் பெரிதாகிப் பின்பக்கம் சாய்ந்திருந்தால் டேப் நேராக இறங்காமல் சரிந்துபோகும். சரிந்தால் சுற்றளவு கூடிவிடும். ஒரு ஆள் அந்தப் பக்கம் குனிந்து, டேப் முறுக்காமல் செங்குத்தாக இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீளம் என்பது முன்தோள் எலும்பின் முனையில் இருந்து, வாலடியில் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும் புட்டத்தெலும்பு வரை. கழுத்தையும் வாலையும் சேர்க்கக் கூடாது. மாடு சமதரையில் நாலு காலையும் சதுரமாக ஊன்றி, தலையை நேராக வைத்து நிற்க வேண்டும். தட்டைக் கடிக்கத் தலை குனிந்தால் தோள் நகர்ந்து அளவு மாறிவிடும். அதனால் அளக்கிற இரண்டு நிமிடத்துக்குத் தீவனத் தொட்டியை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். டேப் மயிரில் படிய வேண்டும், தோலை அமுக்கக் கூடாது. மூச்சை விட்டதும் படியுங்கள்.

தையல் கடை டேப் 60 அங்குலம், அதாவது 152 சென்டிமீட்டர்தான். வளர்ந்த பசுவின் நெஞ்சைச் சுற்ற அது எட்டாது. முதல் தடவை நான் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வயிற்றுக்கு அடியில் கை விட்டு அந்தப் பக்கம் இழுத்தால் நுனி கைக்கு வரவில்லை. கயிற்றால் சுற்றி அளக்கலாம் என்று பார்த்தால் கயிறு இழுபடுகிறது. இழுபடாத பிளாஸ்டிக் நாரைச் சுற்றி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அதை இரும்பு டேப்பில் வைத்து அளந்துதான் அன்றைக்கு ஒப்பேற்றினேன். மாட்டுக்கு மூன்று மீட்டர் துணி டேப் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த டேப்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை இரும்பு டேப்போடு வைத்துப் பாருங்கள், பழசானால் நீளும்.

கிலோவே அச்சிட்ட மாட்டு டேப்பும் விற்கிறார்கள். சுற்றினால் எடையே தெரியும், கணக்குப் போட வேண்டாம். வசதிதான். ஆனால் அவற்றில் பல, ஹோல்ஸ்டீன் மாதிரியான சீமை மாடுகளின் உடல்வாகை வைத்துச் செய்யப்பட்டவை. கலப்பினக் கறவை மாட்டுக்கு ஓரளவு ஒத்துவரும். திமிலும் ஒட்டிய வயிறும் இறுகிய உடம்புமாக நிற்கும் காங்கேயத்துக்கு அதை நம்பி மருந்து ஊற்ற நான் துணிய மாட்டேன். சுற்றளவோடு நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அதைவிட நியாயமானது.

ஆனால் அந்தச் சூத்திரமும் நம் மாட்டுக்காகச் செய்ததில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் உள்ள இடத்தில் எல்லாம் லாரி எடை மேடை இருக்கிறது. மாட்டை எப்படியும் சின்ன யானை என்கிற சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிப் போகிற நாள் வரும். அன்றைக்குக் காலையில் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போகிற வழியில் மாட்டோடு வண்டியை எடை போடுங்கள், இறக்கிவிட்டு வெறும் வண்டியை எடை போடுங்கள். டிரைவர் இரண்டு தடவையும் வண்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு தடவையும் கீழே நிற்க வேண்டும். இடையில் டீசல் போடக் கூடாது. எங்கள் மயிலைக்கு மேடையில் 290 கிலோ வந்தது, டேப் 308 சொன்ன அதே நாளில். அந்த 33,28,000 ஐ 290 ஆல் வகுத்தால் 11,480 வருகிறது. இப்படி நாலைந்து மாட்டுக்குப் பார்த்துச் சராசரி எடுத்தால், 10,800 க்குப் பதிலாக உங்கள் பட்டிக்கென்று ஒரு எண் கிடைத்துவிடும். ஒரு மாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல எடை மேடைகள் 5 கிலோ, 10 கிலோ படியில்தான் எண் காட்டும். அதனால் ஒரு மாட்டில் அந்த அளவு ஏற்ற இறக்கம் மேடையாலேயே வரும்.

இதே காரணத்தால் எடை மேடை தனி ஆட்டுக்கு உதவாது. 25 கிலோ ஆட்டில் 10 கிலோ படி என்பது கண் கணக்கைவிட மோசம். நாற்பது ஆட்டை மொத்தமாக ஏற்றிச் சராசரி பார்க்கிறவர்களுக்குச் சரி.

ஆட்டுக்கும் டேப் போடலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். போடலாம். மேச்சேரிக்கு உரோமக்கட்டு கிடையாது, குட்டை மயிர்தான், டேப் நன்றாகப் படியும். சுற்றளவு 70, நீளம் 62 உள்ள ஆட்டுக்கு 28 கிலோ வருகிறது. தராசிலும் அதை ஒட்டித்தான் வரும். ஆனால் சுற்றளவை 72 என்று படித்துவிட்டால் கணக்கு 29.8 கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டேப்பின் இரண்டு சென்டிமீட்டர் 650 ரூபாய் ஆகிறது. துள்ளுகிற ஆட்டில் இரண்டு சென்டிமீட்டர் தவறுவது சாதாரணம். கோயம்புத்தூர்க் குறும்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். கம்பளி மயிரின் கனம் சுற்றளவில் ஏறிக்கொள்ளும், மயிர் கத்தரித்த பிறகு அளந்தால் அதே ஆடு இளைத்த மாதிரி தெரியும். விற்கும்போது ஆட்டுக்கு டேப் வேண்டாம் என்பது என் முடிவு.

மருந்து விஷயம் வேறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

சில வருடத்துக்கு முன் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது. மழைக்குப் பின் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று தெரியும், கொடுத்தேன். எடை பார்க்கவில்லை. எல்லாம் 15 கிலோ இருக்கும் என்று கண்ணால் முடிவு செய்து ஒரே அளவு ஊற்றிவிட்டேன். கார்த்திகையில் மூன்று மறிக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர் கோர்த்து வீங்கியது. கண் இமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு. ஒன்று செத்துப்போனது.

மருத்துவர் அந்த மறிகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "என்ன எடைக்குக் கொடுத்தீங்க?" என்றுதான். எனக்கு அவர் எழுதித் தந்த கணக்கு, ஆல்பெண்டசோல் செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். 2.5 சதவீதக் கரைசல் என்றால் 10 கிலோவுக்கு 3 மில்லி. நான் 15 கிலோ என்று நினைத்து ஊற்றியது 4.5 மில்லி. உண்மையில் 27 கிலோ இருந்த மறிக்கு 8 மில்லி வேண்டும். பாதி மருந்துதான் போயிருக்கிறது. பாதி மருந்து என்றால் பாதிப் பலன் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்தைத் தாங்கக்கூடிய புழுக்கள் மட்டும் பிழைத்து முட்டையிடும். அடுத்த தடவை முழு அளவு ஊற்றினாலும் அவை சாகாது. ஒருமுறை காட்டில் அந்த வகைப் புழு பரவிவிட்டால் அந்த மருந்து அந்தப் பட்டிக்கு உதவாமலே போய்விடும்.

இந்த வேலைக்கு டேப் தாராளமாகப் போதும். ஒரு கிலோ முன்னே பின்னே இருந்தால் மருந்தில் அரை மில்லிக்குள்தான் வித்தியாசம். கண் கணக்கில் வந்த தவறோ பன்னிரண்டு கிலோ. பட்டியில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் மறிகளில் பெரியது எது என்று பார்த்து, அதன் எடைக்கு எல்லாவற்றுக்கும் கொடுங்கள், சராசரிக்குக் கொடுக்காதீர்கள். குட்டிகளைத் தனியாகப் பிரித்து, அவற்றில் பெரியதை வைத்துக் கொடுங்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும் என்பதால் அளவு செம்மறியைப் போல் இராது, மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். புழு வைத்து வயிறு தள்ளிய குட்டியில் கண்ணும் ஏமாறும், தராசும் வயிற்றுத் தண்ணீரைச் சேர்த்தே காட்டும். டேப் சுற்றுவது வயிற்றை இல்லை, நெஞ்சை. அதனால் அந்தக் குட்டியின் உண்மையான வளர்த்திக்கு அதுவே கிட்டத்தில் வரும். நிறைசினை மாட்டில் இதே குணம் தலைகீழாகும். கன்றின் கனம் நெஞ்சில் தெரியாது, டேப் குறைத்துத்தான் சொல்லும்.

தீவனத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மாட்டுக்கு அதன் எடையில் ஏறக்குறைய 2.5 சதவீதம், காய்ந்த நிலையில் உள்ள தீவனமாகப் போக வேண்டும். 300 கிலோ பசுவுக்கு ஏழரைக் கிலோ. இருபது கிலோ பச்சை நேப்பியர் போட்டால் அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், காய்ந்த கணக்கில் நாலு கிலோதான். மிச்சத்தைச் சோளத்தட்டும் தவிடும் புண்ணாக்கும் ஈடுகட்ட வேண்டும். இதற்கு டேப் கணக்கே மிகுதி.

காங்கேயம் மாட்டை விற்கவோ வாங்கவோ போகிறீர்கள் என்றால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், சித்திரையில் கண்ணபுரம் தேர்த் தாவணியிலும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையிலும் கிலோ கேட்டு யாரும் மாடு பிடிப்பதில்லை. பல் எத்தனை, சுழி எங்கே, நடை எப்படி, கொம்பு எப்படி வளைகிறது என்றுதான் பார்ப்பார்கள். அங்கே டேப்பை எடுத்தால் பேரத்துக்கு உதவாது.

மாப்பிள்ளைக்கு நான் சொன்ன முடிவு இது. தொங்கு தராசு ஒன்று இப்போதே வாங்குங்கள், குட்டி விற்கும் முன்பே. முதல் விற்பனையிலேயே அதன் விலை திரும்பிவிடும். மாட்டுக்குத் துணி டேப். ஒரே ஆள் வாங்குவதானால் தொங்கு தராசு, நாலு வீட்டுக்காரர் சேர்ந்தால் மேடைத் தராசும் மேலே வைக்க ஒரு இரும்புக் கூண்டும். கொப்பரைக் களம் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் அந்தத் தராசையே மாதம் ஒருநாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கூண்டு மட்டும் செய்தால் போதும். வியாபாரியின் விரல் பிடியையும் பழகிக்கொள்ளுங்கள். 28 கிலோ என்று தராசு சொல்லும், அதில் எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்பது விரலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஆட்டையும் நிறுத்த பிறகு முதுகைத் தொட்டுப் பார்த்தால் ஒரு வருடத்தில் கை பழகிவிடும்.

அடுத்த நாளே ஈரோட்டில் தராசு வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போய் விட்டத்தில் கொக்கி மாட்டிக்கொடுத்தேன். முதலில் கெடாவைத் தூக்கினோம். கண்ணுக்கு முப்பது என்று அவர் சொன்னார், முப்பத்தி இரண்டு என்று நான் சொன்னேன். தராசு 36.4 காட்டியது. தங்கை அதை நோட்டில் தேதி போட்டு எழுதினாள்.